இரண்டு மாதம் மூத்த மகள்

தம்மாம், சவூதி அரேபியா
2025.07.04

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மீதும் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பாதம்தான் வீங்குகிறது; வார்டில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றால் யாருக்கும் வீங்கும். உங்கள் சீனி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்கிறீர்களா என்று சின்னவள் றுஸ்தாவிடம் கேட்டேன். உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

நேற்றுத்தானே போனில் கதைத்தாள், இன்றைக்கு என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். நம் வீட்டுப் போன் எல்லாருக்கும் பொது. நான் உங்களைக் கூப்பிட்டால் இரண்டு மகள்மாரும் சேர்ந்து 'ஓம்' என்கிறார்கள். இது மூத்தவள் அம்ஹாவின் காதுக்குப் போகக்கூடாத விஷயம். அதனால் என்னோடு வேலை செய்யும், லீவில் ஊருக்கு வரும் பஹ்மிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் எழுதித்தான் பதில் தரவேண்டும்.

நமது அமெரிக்க விசாவைப் பார்க்கும் சட்டத்தரணி எழுதியிருக்கிறார். இருபத்தொரு வயது தாண்டிய பிள்ளை தாயின் விசாவில் வர முடியாது. மனு அவர்கள் கையில் கிடந்த நாள்களை வயதிலிருந்து கழிக்கலாமாம், அதையும் கழித்துப் பார்த்தாராம். அம்ஹாவுக்குக் கடைசி நாள் வரும் ஜனவரி 26, அதற்குள் நமக்கு இடம் வரவேண்டும். மாதாமாதம் அவர்கள் ஒரு பட்டியல் விடுகிறார்கள், இன்ன திகதி வரை மனுப் போட்ட தாதிகளுக்கு இடம் என்று. நாம் போட்டது 2023 மே மாதம். பட்டியல் இன்னும் அதற்கு முந்திய மாதங்களிலேயே குந்திக்கொண்டிருக்கிறது.

அவள் பிறந்தது மார்ச் பதினொன்று என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சுனாமிக் கடல் வந்துபோன எழுபத்தைந்தாம் நாள். பள்ளிக்கூட முகாமில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பெற்றேன். அந்த நேரம் பதியாமல் விட்டு, முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது வயது காணாது என்றார்கள். நீங்கள் ஜனவரி பதினொன்று என்று பதிந்தீர்கள், நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்குக் கூட்டிய இரண்டு மாதத்தை இன்றைக்குக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாண்டிருப்புக் குணம் மிஸ்ஸியைப் போய்ப் பாருங்கள். முகாமில் பிள்ளைப்பேறு பார்த்தவர் அவர்தானே, எழுதி வைத்திருப்பார். பிறகு பிறந்த திகதி பிழை என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்துத் திருத்துங்கள். திருத்தம் ஜனவரி 26க்கு முன்னர் சட்டத்தரணியின் கையில் இருக்கவேண்டுமாம். அதற்குப் பிறகு கொண்டுபோனால் கள்ளக் கடதாசி என்று எல்லாருடைய விசாவையும் நிறுத்திவிடுவார்களாம். நீங்களே சமாதான நீதவான். ஊருக்கெல்லாம் முத்திரை குத்திக் கொடுக்கிற ஆளுக்கு இது என்ன பெரிய வேலை?

அம்ஹாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவள் பாவம், பயந்துவிடுவாள்.

உங்கள்
றாஹிலா


நற்பிட்டிமுனை
2025.07.28

அன்பு றாஹிலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இறைவன் காவலில் நாங்கள் மூவரும் சுகம். நீ கால்மாட்டில் தலையணை வைத்துப் படு. சீனி இறங்கியிருக்கிறது, றுஸ்தாவை இனி விசாரிக்க வேண்டாம்.

கடிதம் கிடைத்த மூன்றாம் நாளே பாண்டிருப்புக்குப் போனேன். குணம் மிஸ்ஸிக்குக் கண் சற்று மங்கல், ஞாபகம் மங்கவில்லை. "உங்கட புள்ளயா சேர்? நல்ல மழை நாள். மேச ஆடிச்செண்டு நீங்க மேசக் காலப் பிடிச்சிட்டு நிண்டீங்களே" என்று சிரித்தார். நான் மேசைக்காலைப் பிடித்த கதை இத்தனை வருடம் கழித்தும் பாண்டிருப்பில் உயிரோடு இருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் ஒரு நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். நம்முடையது ஆறாவது. 'பெண், 2005.03.11, தாய் றாஹிலா.' பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை பதிவாளர் கந்தோருக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

இன்னொரு விஷயம். அம்ஹாவுக்கு ஒலுவில் கெம்பஸ் கிடைக்கும்போல் இருக்கிறது. ஏ.எல். பரீட்சையை இரண்டாம் முறை எடுத்ததில் புள்ளி நன்றாக வந்திருக்கிறது. பதியச் சொல்லிக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று எழுது.

துஆவுடன்,
காலிதீன்


தம்மாம்
2025.08.20

அன்புள்ள மச்சான்,

ஸலாம். பஹ்மிதா உங்கள் கடிதத்தையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் கொண்டுவந்து தந்தாள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், சம்பலை ஒரே நாளில் முடித்தேன். பிள்ளைகள் வடிவாகச் சாப்பிடுகிறார்களா?

குணம் மிஸ்ஸிக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இனி எனக்குப் பயமில்லை. மார்ச் 26 வரை நாள் கிடைத்துவிடும்.

இங்கே பட்டியல் வருகிற நாளில் வார்டைப் பார்க்கவேண்டும். நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே எல்லாத் தாதிகளும் ஒரு கண்ணைப் போனில் வைத்திருப்போம். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்திக்கு இது நாலாம் வருடம். அவளுடைய மகன் போன மாதம் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டான். அன்றைக்கும் அவள் வேலைக்கு வந்தாள், ஊசி போட்டாள், கட்டில் விரித்தாள்.

கெம்பஸ் வேண்டாம். அங்கே போய்ப் படிக்கப் போகிறவள் இங்கே பதிந்து இன்னொரு பிள்ளையின் இடத்தை ஏன் பிடிக்கவேண்டும்? கல்யாணப் பேச்சு வந்தாலும் முகத்தை முறிக்காமல் தட்டிவிடுங்கள். கல்யாணம் முடித்தாலும் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள்.

கந்தோரில் கொடுத்துவிட்டீர்களா? என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

றாஹிலா


நற்பிட்டிமுனை
2025.09.30

அன்பு றாஹிலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் சுகம். உன் கால் வீக்கம் வற்றியதா?

கோடைப்போகம் வெட்டி முடிந்தது. சொறிக்கல்முனைப் பக்கத்து வயலில் விளைச்சல் மோசமில்லை, நம்முடைய துண்டில் மட்டும் பன்றி விழுந்துவிட்டது. மாரி வெள்ளாமைக்கு வாய்க்கால் துப்புரவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். குசினிப் பக்கத்து ஓடு நாலு மாற்றினேன். கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறுகிறது. பக்கத்து வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது, மூன்றும் கிடாய்.

நீ சொன்னபடி அம்ஹா கெம்பஸுக்குப் பதியவில்லை. வந்த கடிதத்தை மடித்துக் குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்திருக்கிறாள்.

அந்த அலுவல் நடக்கிறது.

துஆவுடன்,
காலிதீன்


தம்மாம்
2025.10.19

மச்சான்,

ஸலாம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

பன்றியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஓட்டைப் பற்றி, ஆட்டைப் பற்றி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்களைப் பார்க்கிறேன், ஒன்றை மறைக்கிறபோதுதான் உங்களுக்கு வெள்ளாமை ஞாபகம் வரும். அலுவல் நடக்கிறது என்றால் எங்கே நடக்கிறது? யாருடைய மேசையில் இருக்கிறது? கொடுத்த திகதி என்ன? மூன்று வரி போதும்.

றாஹிலா


நற்பிட்டிமுனை
2025.11.08

என் அன்பு உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. கால் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நாங்கள் நலம். றுஸ்தா என்னை விட உயரமாகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், அது பொய்.

நீங்களும் வாப்பாவும் கடிதம் எழுதுவது எனக்குத் தெரியும். அதுதான் நானும் எழுதுகிறேன். வாப்பாவுக்குச் சொல்லவில்லை. வாப்பா எழுத இருந்தால் இரண்டு வரி எழுதிவிட்டு எழும்பி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிறார். ஆடு பக்கத்து வீட்டு ஆடு.

உம்மா, இருபத்தொரு வயதுக் கதை எனக்கு எப்போதோ தெரியும். இன்டர்நெட்டில் எல்லாம் கிடக்கிறது. ஜனவரி பதினொன்றுக்கு எனக்கு இருபத்தொன்று. பிறகு கொஞ்ச நாள்தான் தருவார்கள். அதற்குள் நம் திகதி வராவிட்டால் நான் வர முடியாது. நீங்கள் மறைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கவேண்டும். நான் வராவிட்டாலும் நீங்கள் போவீர்களா? இதைப் போனில் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதினேன்.

என்னோடு படித்தவர்கள் ஒலுவில் பஸ்ஸில் போகிறபோது கை காட்டுகிறார்கள். நானும் காட்டுகிறேன். அமெரிக்காக்காரி என்று கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
அம்ஹா


நற்பிட்டிமுனை
2025.12.10

அன்பு றாஹிலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். புயல் மழையில் நாங்கள் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வயல் போய்விட்டது. பல நாள் கரண்ட் இல்லை, கந்தோர்களும் ஒழுங்காகத் திறக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று. திருத்திய பிரதி வந்ததும் சட்டத்தரணிக்கு நானே நேரே அனுப்புகிறேன். நீ வேலையைப் பார், இதைப் பற்றி யோசிக்காதே.

காலிதீன்


தம்மாம்
2026.01.17

அன்புள்ள மச்சான்,

ஸலாம். உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் துணை. நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சந்தோஷத்திலும் அப்படி வரும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று முன்தினம் பட்டியல் வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து நமக்கு இடம். ஜனவரி 26க்கு ஆறு நாள் பிந்தி. அந்த இரண்டு மாதத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் மச்சான், நான் இவ்வளவையும் கத்திச் சொன்னபோது நீங்கள் 'ஓம், ஓம்' என்று மட்டும் சொன்னீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால்தான் என்று நினைத்தேன். இன்று சட்டத்தரணி எழுதியிருக்கிறார், திருத்திய சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை என்று. எங்கோ வழியில் கிடக்கும். அல்லது நீங்கள் விலாசத்தைப் பிழையாக எழுதியிருப்பீர்கள். பஹ்மிதாவின் நாத்தனார் நாளைக்கு ஊருக்கு ஏறுகிறாள். இந்தக் கடிதம் கிடைத்த உடனே பிரதியைப் படம் பிடித்து அனுப்புங்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அனுப்பியிருப்பீர்கள்தானே?

றாஹிலா


நற்பிட்டிமுனை
2026.01.29

றாஹிலா,

ஸலாம். பிள்ளைகள் சுகம்.

நான் கொடுக்கவில்லை. டிசம்பரில் எழுதியது பொய்.

ஓகஸ்ட் முதலாம் கிழமை கந்தோருக்குப் போனேன். சத்தியக் கடதாசி எழுதி, குணம் மிஸ்ஸியின் பிரதியும் வைத்து, எல்லாம் சரியாகத்தான் கொண்டுபோனேன். மேசையில் ஆகிலா இருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், முகாமில் நமக்கு அடுத்த பாயில் இருந்த பெண்ணின் மகள். வாப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு பிறந்தவள். இப்போது அங்கே பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க சேர், இரிங்க, என்ன அலுவல்?" என்றாள்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2009இல் திகதி மாற்றியது அம்ஹாவுக்கு மட்டும் இல்லை. பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முகாமில் பிறந்த பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாருக்கும் ஜனவரி என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தது நான். ஒன்றாகப் பிறந்ததுகள் ஒன்றாகப் பள்ளிக்குப் போகட்டும் என்று தாய்மார் வந்து நின்றார்கள். கடல் வந்த பிறகு அதில் அரைவாசிப் பேருக்கு மாப்பிள்ளை இல்லை, வீடு இல்லை. பிள்ளைகள் ஒரு வருடம் பிந்தாமல் இருந்தால் அந்த ஒரு வருடமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். ஒரே நாளில், ஒரே பேனாவால், ஒரே முத்திரையால்.

ஒன்று பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் மற்றப் பத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகிலாவின் வேலை அந்தத் திகதியில் நிற்கிறது. இன்னொருத்தி தாதிப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், உன்னைப் போல. அந்தக் கடதாசியை ஆகிலாவின் கையில் கொடுக்க என்னால் ஏலவில்லை. "சும்மா வந்தன் மகள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் போகத்தான் நினைத்தேன். பட்டியல் எப்படியும் முந்திவிடும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என் பெயர் கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

உன் கடிதம் வந்த அன்றே கந்தோருக்கு ஓடினேன். திருத்த ஆறு கிழமையாவது செல்லும் என்றார்கள், 26ஐப் பிடிக்க வழியில்லை.

காலிதீன்


தம்மாம்
2026.02.16

காலிதீன் சேருக்கு,

ஸலாம் சொல்வது கடமை, சொல்கிறேன்.

ஆகிலாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய தாய் எனக்கு ஒத்தடம் தந்தவள். ஆனால் அன்றைக்கே எனக்கு எழுதியிருக்கலாமே. ஓகஸ்டில் எழுதியிருந்தால் நான் அம்ஹாவைக் கெம்பஸுக்குப் பதியச் சொல்லியிருப்பேன். பதினொரு பிள்ளைகளை நினைத்த உங்களுக்கு அதில் ஒன்று உங்கள் பிள்ளை என்பது மறந்துவிட்டது. வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். உங்களை நம்பி எழுதினேன்.

போகாமல் விட்டுவிடலாமா என்று எட்டு நாள் யோசித்தேன். பஹ்மிதாவிடம் அழுதேன். அந்தப் பிலிப்பைன்ஸ்காரி வந்து பக்கத்தில் இருந்தாள். விட்டால் றுஸ்தாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஊரில் என் அரச வேலையும் போயாயிற்று. போனால் அம்ஹாவுக்கு அங்கிருந்து தனியாக மனுப் போடலாம். எட்டு ஒன்பது வருடம் செல்லும் என்கிறார்கள். அதுவரை அவள் கல்யாணமும் முடிக்கக் கூடாதாம். இதை எந்தத் தாய் மகளிடம் கேட்பாள்?

நான் போகிறேன். றுஸ்தாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்ஹாவைக் குமராகத் தனிய விட முடியாது, அதனால் நீங்கள் அவளோடு இருக்கவேண்டும். உங்கள் பெயரை விசாவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். இது தண்டனை இல்லை, வேறு வழி இல்லை. தண்டனை என்று நீங்கள் நினைத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

நான் வராவிட்டாலும் போவீர்களா என்று என் மகள் கேட்டு மூன்று மாதம். நான் பதில் எழுதவில்லை. திருத்தம் வந்துவிடும், பதிலே தேவைப்படாது என்று இருந்தேன். இப்போது அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

றுஸ்தாவுக்கு நான் சொல்கிறேன். அம்ஹாவுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் சொல்லவேண்டும். கடிதமாக எழுதிக் குர்ஆன் தட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போகவேண்டாம். முன்னால் இருந்து சொல்லுங்கள்.

றாஹிலா


நற்பிட்டிமுனை
2026.03.02

அன்பு றாஹிலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உன்னுடையதைக் கேட்கிறேன். கால் எப்படி?

இன்று பின்னேரம் சொன்னேன். குசினியில் நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். றுஸ்தா கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தாள். முன்னால் ஒரு கதிரை போட்டு இருந்து, முகாமிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஆகிலாவைச் சொன்னேன், டிசம்பரில் எழுதிய பொய்யைச் சொன்னேன், நீயும் றுஸ்தாவும் போகிறதைச் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை. அரை மூடி முடிந்து சிரட்டையும் சேர்ந்து உராயத் தொடங்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. உன்னைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் எப்ப வாப்பா பொறந்த?" என்றாள்.

மார்ச் பதினொன்று என்றேன்.

எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணினாள்.

"இன்னும் ஒம்பது நாள் இரிக்கி" என்றாள். "எனக்கு இன்னும் இருவத்தொண்டு ஆகல்ல வாப்பா."

காலிதீன்